சீனாவுக்குக் கிளம்புமுன் கைப்பேசியில் என்னென்ன செய்ய வேண்டும்?

கேள்வி: வரும் டிசம்பரில் நானும் மனைவியும் எழுபதைத் தொடும் என் பெற்றோரும் குவாங்சோவுக்கும் பெய்ஜிங்குக்கும் ஒன்பது நாள் பயணம் போகிறோம். அங்கே எல்லாமே கைப்பேசியில்தான் என்கிறார்கள். அப்பாவிடம் இருப்பது பழைய பொத்தான் கைப்பேசி. அம்மாவுக்கு வாட்ஸ்ஆப் மட்டும் தெரியும். எதைத் தயார்செய்ய வேண்டும், எதை எடுத்துச் செல்ல வேண்டும்? – ஈப்போ வாசகர்

பதில்: துணிமணியை முந்தின நாள் இரவுகூட அடுக்கிக்கொள்ளலாம். கைப்பேசி வேலையை இரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். அங்கே தேவைப்படும் பதிவுகள் பலவும் உங்கள் மலேசிய எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தியையோ வங்கிச் செயலியின் ஒப்புதலையோ கேட்பவை. குவாங்சோ விமான நிலையத்தில் நின்றுகொண்டு இவற்றைச் செய்யப் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் பணம். பணம் கட்ட இரண்டு வழி வேண்டும். ஒரே கோளாறு இரண்டையும் ஒருசேர முடக்கிவிடக் கூடாது. மலேசியர்களுக்கு எளிதான வழி கையிலேயே இருக்கிறது. டச் அண்ட் கோ மின்பணப்பை, சீனாவின் பணம் கட்டும் செயலியான அலிபேயின் நீல நிறக் க்யூஆர் குறியீடு இருக்கும் கடைகளில் வேலை செய்யும். ஆனால் அது முக்கியமாகப் பணம் கட்டத்தான் உதவும். உணவக மேசையில் ஒட்டியிருக்கும் குறியீட்டை வருடி உணவு கேட்பதற்கும், டாக்சி அழைப்பதற்கும், சுரங்க ரயில் குறியீடு எடுப்பதற்கும் அலிபே செயலியே வசதி. ஆகவே நீங்களும் மனைவியும் ஆளுக்கொரு அலிபே கணக்கு திறந்து, கடப்பிதழைப் படமெடுத்து அடையாளத்தை உறுதிசெய்து, விசா அல்லது மாஸ்டர்கார்ட் அட்டையை இணையுங்கள். நீங்கள் ஒரு வங்கியின் அட்டை, அவர் வேறொரு வங்கியின் அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இணைத்துவிட்டோம் என்று அதோடு விட்டுவிடாதீர்கள். மலேசிய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். அது மூடியிருந்தால் அட்டை இணைந்துவிடும், முதல் கட்டணத்தில் மறுக்கப்படும். வங்கி ஒப்புதல் இப்போது குறுஞ்செய்தியைவிடச் செயலி வழியேதான் அதிகம் வருகிறது. அந்த ஒப்புதல் ஒரே ஒரு கருவியோடு பிணைக்கப்பட்டிருக்கும். பயணத்துக்கென்று புதுக் கைப்பேசி வாங்குவதாக இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். புதுக் கருவியில் பதிந்ததும் சில மணி நேரம், பல வங்கிகளில் பன்னிரண்டு மணி நேரம், காத்திருக்க வேண்டியிருக்கும்.

அலிபேயில் வெளிநாட்டு அட்டை வழியாக 200 யுவானுக்கு மேல் ஒரே தடவையில் கட்டினால் 3 விழுக்காடு கட்டணம் சேரும். அதற்குக் கீழே இல்லை. நான்கு பேர் சாப்பிட்டு 340 யுவான் வந்தால், இரண்டு பேரும் பாதிப் பாதியாகக் கட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள். பணக் குறியீட்டுத் திரையைப் படமெடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்தக் குறியீடு கையிலிருக்கும் காசுக்குச் சமம்.

அரட்டைக்கும் பணம் கட்டவும் சீனர்கள் பயன்படுத்தும் வீசேட் செயலியிலும் கணக்கு திறந்துவையுங்கள். புதிய கணக்குக்கு, நெடுநாளாக வீசேட் பயன்படுத்தும் ஒருவர் குறியீட்டை வருடி உறுதி சொல்ல வேண்டியிருக்கும். ஈப்போவில் இதற்கு ஒரு சீன நண்பரோ சக ஊழியரோ கிடைப்பது கடினமல்ல, விமானத்தில் ஏறிய பிறகுதான் கடினம். கணக்கு திறந்த அன்றே அட்டை இணைப்பதும் பலரைச் சேர்ப்பதுமாக அவசரப்பட்டால் கணக்கு முடங்கலாம். சில நாள் விட்டுச் செய்யுங்கள்.

இத்தனை இருந்தாலும் ரொக்கம் வேண்டும். தெருவோர வியாபாரி ஒருவர் கடைக் குறியீட்டுக்குப் பதிலாகத் தன் சொந்தக் குறியீட்டை வைத்திருந்தால் அது தனிநபருக்குப் பணம் அனுப்புவதாகிவிடும். வெளிநாட்டு அட்டையில் அது நடக்காது. ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்பது அந்நாட்டு விதி. ஆனால் சில்லறை இல்லை என்று சொல்லிவிடுவார்கள். நாணய மாற்றுக் கடையில் 100 யுவான் தாள்களையே நீட்டுவார்கள். 10, 20, 50 கேட்டு வாங்குங்கள். அப்பா அம்மாவிடம் ஆளுக்கு 300 யுவான் சின்னத் தாள்களாக, உங்களிடம் 1,000 யுவான் போதும்.

அடுத்தது இணையம். வாட்ஸ்ஆப், கூகுள், ஜிமெயில், யூடியூப், ஃபேஸ்புக் எதுவும் சீன இணையத்தில் திறக்காது. ஹோட்டல் வைஃபையிலும் உள்ளூர் சிம்மிலும் இதுதான் நிலை. மலேசிய சிம்மின் ரோமிங்கிலோ பயண இசிம்மிலோ (அட்டை செருகாமல் கைப்பேசிக்குள்ளேயே பதியும் சிம்) போனால் இணையப் போக்குவரத்து வெளிநாட்டு நிறுவனத்தின் வழியாகச் செல்வதால் இவை வழக்கம்போல் திறக்கும். உங்கள் கைப்பேசி இசிம் ஏற்குமா என்று பார்க்க நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்துங்கள். வரும் பட்டியலில் இஐடி என்ற நீண்ட எண் இருந்தால் ஏற்கும். மலேசிய சிம்மைக் கழற்றவே கழற்றாதீர்கள். அதன் தரவு ரோமிங்கை அணைத்துவிட்டு, குறுஞ்செய்தி வாங்க மட்டும் உயிரோடு வைத்திருங்கள். தரவுக்கு இசிம். சிம்மைக் கழற்றி உள்ளூர் சிம்மைப் போட்டவருக்கு அலிபே மறுபடி உள்நுழையச் சொல்லி எண் அனுப்பினால் அது போய்ச் சேர வழியே இல்லை.

வரைபடத்துக்குக் கூகுளை நம்ப வேண்டாம். சீனாவின் ஆயத்தொலை முறை வேறு என்பதால் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழலாம். ஐபோனில் ஆப்பிள் வரைபடம் நன்றாகவே வேலை செய்யும். ஆண்ட்ராய்டில் ஆமேப் செயலியை நிறுவுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் எளிய சீன எழுத்துத் தொகுப்பை இங்கேயே இறக்கிவிடுங்கள். பேசும்போது தமிழைவிட மலாயிலோ ஆங்கிலத்திலோ சொன்னால் பிழை குறையும். சைவ உணவுக்காரர் யாராவது இருந்தால் இறைச்சி, மீன், பன்றிக் கொழுப்பு, சிப்பிச் சாறு கூடாது என்று சீனத்தில் எழுதிய படத்தைச் சேமித்துவையுங்கள். ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்கித் தந்துவிடுவார்கள்.

நம்மவர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கல் பெயர். கடப்பிதழில் இன்னாரின் மகன், மகள் என்பதைக் குறிக்க ஏ/எல், ஏ/பி என்று சாய்கோட்டோடு இருக்கும். முன்பதிவுச் செயலிகள் சாய்கோட்டை ஏற்பதில்லை. குடும்பப் பெயர் எங்கே, சொந்தப் பெயர் எங்கே என்றும் குழப்பும். கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா, அங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். இடைக்குறிகள் வரும் இடத்தில் வெற்றிடம் விடுங்கள். விமானம், ரயில், அருங்காட்சியகம் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும்.

ரயிலில் இது முக்கியம், ஏனென்றால் அங்கே கடப்பிதழே டிக்கெட். 15 நாள் முன்பு விற்பனை தொடங்கும். சீன ரயில்வேயின் 12306 செயலியிலோ பயண முன்பதிவுத் தளமான டிரிப் டாட் காமிலோ வாங்கலாம். குவாங்சோ தெற்கிலிருந்து பெய்ஜிங் மேற்குக்குச் சுமார் எட்டு மணி நேரம். ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து வேறு நிலையத்துக்குப் போய்விடாதீர்கள். தானியங்கி வாசல் வெளிநாட்டுக் கடப்பிதழைப் படிக்காவிட்டால் ஊழியர் நிற்கும் ஓரத்து வாசலுக்குப் போகலாம். பாதுகாப்புச் சோதனையும் உண்டு. ஒரு மணி நேரம் முன்பே சென்றுவிடுங்கள். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்துக்கு ஏழு நாள் முன்பு இரவு எட்டு மணிக்குப் பதிவு திறக்கும். நம் நேரமும் அவர்கள் நேரமும் ஒன்றுதான், கணக்குப் போட வேண்டியதில்லை. திங்கட்கிழமை மூடியிருக்கும்.

மலேசியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை, 17 ஜூலை 2025 முதல். வருகை அட்டையைக் குடிநுழைவுத்துறையின் இணையதளத்தில் முன்கூட்டியே நிரப்பலாம்.

இனி பெட்டி. மலேசியாவின் மூன்று சதுர முனை சொருகி அங்கே பொருந்தாது. தட்டையான இரு முனை அல்லது சாய்ந்த மூன்று முனைக்கான மாற்றி ஒன்றும், நான்கு வாய் யுஎஸ்பி சார்ஜர் ஒன்றும் போதும். மின்னழுத்தம் 220 வோல்ட், கவலையில்லை. பவர் பேங்க் 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணி, விமானத்துக்கான 100 வாட்-மணி வரம்புக்குள் அடங்கும். கைப்பையில்தான் வைக்க வேண்டும். கவனிக்க வேண்டியது வேறொன்று. 28 ஜூன் 2025 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற சீனத் தரச்சான்று முத்திரை தெளிவாக இல்லாத பவர் பேங்கை அனுமதிப்பதில்லை. இங்கே வாங்கியவற்றில் பலவற்றுக்கு அந்த முத்திரை இல்லை. குவாங்சோவிலிருந்து பெய்ஜிங்குக்கு விமானத்தில் போவதாக இருந்தால் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். கடைகளில் வாடகை பவர் பேங்க் கிடைக்கும், ஆனால் அதை எடுக்கவும் கைப்பேசி வேண்டும். மின்கலம் 20 விழுக்காட்டுக்கு இறங்கும்போதே எடுத்துவிடுங்கள். டிசம்பர் பெய்ஜிங்கில் குளிர் உறைநிலைக்குக் கீழே போகும். குளிரில் 30 விழுக்காடு காட்டும் கைப்பேசிகூடச் சட்டென்று அணைந்துவிடும். சட்டையின் உள்பையில் வைத்திருங்கள், தொடுதிரைக் கையுறை வாங்குங்கள். பொதுக் கழிப்பறைகள் பலவற்றில் தாள் இருக்காது, சின்னப் பொட்டலங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் மருந்துகளை மூல அட்டையோடும் மருத்துவரின் சீட்டோடும் வையுங்கள்.

அப்பாவுக்குப் புதிய கைப்பேசி வாங்கி ஒரு வாரத்தில் அலிபே கற்றுத்தர வேண்டாம், பதற்றம்தான் மிஞ்சும். பொத்தான் கைப்பேசியில் ரோமிங்கைத் திறந்து உங்கள் இருவர் எண்ணையும் சேமித்துக் கொடுங்கள். சட்டைப்பையில் ஹோட்டலின் சீன எழுத்து அட்டை, கடப்பிதழ் நகல், அந்த 300 யுவான் இருக்கட்டும். தவறிப் போனாலும் டாக்சிக்காரரிடம் அட்டையைக் காட்டினால் வந்து சேர்ந்துவிடுவார். அம்மாவின் கைப்பேசியில் டச் அண்ட் கோவை மட்டும் போட்டு, ஈப்போ கடைகளிலேயே பத்துத் தடவை கட்டவைத்துப் பழக்குங்கள்.

உங்கள் கைப்பேசி தொலைந்தால் உடனே மனைவியின் கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்து அட்டையை முடக்குங்கள். வங்கியின் வெளிநாட்டு அழைப்பு எண்ணை இருவரும் தாளில் எழுதி வைத்திருங்கள். ரயில் டிக்கெட் பற்றிக் கவலை வேண்டாம், அது கடப்பிதழில் இருக்கிறது.