துண்டில் இருப்பது மெட்ஃபோமினா, மெட்ரோனிடசோலா?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது, சீனி வருத்தம். மெட்ஃபோமின் 500 மில்லிகிராம் குளிசை மூன்று வேளையும் போடுகிறா. காலில் புண் வந்து வைத்தியசாலையில் இருந்தவவை நேற்று டிக்கட் வெட்டி அனுப்பினார்கள். ஒரு குளிசை அங்கே இல்லையென்று வெளியில் வாங்கத் துண்டு எழுதித் தந்தார்கள். ஊர்ப் பாமசியில் அதைப் பார்த்து 30 மெட்ஃபோமின் தந்தார்கள். ஏற்கெனவே போடுகிற குளிசைதானே என்று சந்தேகம் வந்து களுவாஞ்சிகுடியில் வேறொரு பாமசியில் காட்டினேன். அவர்கள் மெட்ரோனிடசோல் என்கிறார்கள். எதைக் கொடுப்பது? திரும்பப் போய்க் கேட்டால் டொக்டர் ஏசுவாரோ என்றும் பயமாக இருக்கிறது. துண்டின் படம் அனுப்பியிருக்கிறேன். (வாசகி, செட்டிபாளையம்)

பதில்: தங்கச்சி, அந்தத் துண்டுக்கென்று வாங்கியது எதையும் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். அம்மா வழமையாகப் போடும் குளிசைகளை அப்படியே தொடருங்கள். துண்டையும், டிக்கட் வெட்டும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட்டையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே அதே வைத்தியசாலைக்குப் போங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். சீனி வருத்தக்காரரின் கால் புண் காத்திருக்காது. அதற்கிடையில் காய்ச்சல் வந்தாலோ, புண்ணைச் சுற்றி வீங்கினாலோ, கறுத்தாலோ அம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘மெட்’ வரைக்கும் எழுத்து. அதற்குப் பிறகு ஒரு நீண்ட இழுப்பு, அவ்வளவுதான். இலக்கம் 400 ஆகவும் இருக்கலாம், 500 ஆகவும் இருக்கலாம். ஆனால் அதற்குப் பக்கத்தில் இரண்டு விஷயம் தெளிவாக இருக்கிறது. ஒன்று ‘டீடிஎஸ்’, நாளுக்கு மூன்று வேளை. மற்றது 5/7. ஏழில் ஐந்து, அதாவது ஐந்து நாள். ஒரு மாதத்துக்கு என்றால் 1/12 என்று எழுதுவார்கள், இரண்டு கிழமைக்கு 2/52. மூன்று வேளையும் ஐந்து நாளும் சேர்ந்தால் 15 குளிசை. முதல் பாமசியில் உங்களுக்கு 30 எண்ணித் தந்திருக்கிறார்கள்! சீனிக் குளிசையை யாராவது ஐந்து நாளைக்கு மட்டும் எழுதுவார்களா? தந்தவர் துண்டை வாசிக்கவில்லை. ‘மெட்’டைக் கண்டார், ‘சீனி வருத்தம்’ என்று நீங்கள் சொன்னதைக் கேட்டார், மிச்சத்தை ஊகித்துவிட்டார்.

மெட்ரோனிடசோல் கிருமிக்குக் கொடுப்பது. புண்ணுக்காக எழுதியிருக்க இடமுண்டு. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் படத்தைப் பார்த்து நான் நினைப்பதை நம்பி அம்மாவுக்கு மருந்து கொடுக்கக் கூடாது. எழுதியவர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சந்தேகப்படாமல் விட்டிருந்தால் அம்மா ஏற்கெனவே போடுகிற 1500 மில்லிகிராமோடு இன்னும் 1500 சேர்ந்து நாளுக்கு 3000 ஆகியிருக்கும். அது அம்மாவுக்கு எழுதிய அளவின் இரண்டு மடங்கு. வாந்தியும் வயிற்றோட்டமும் ஒரு பக்கம், சிறுநீரகம் பழுதான ஆளென்றால் உயிருக்கே ஆபத்து. புண்ணுக்கு வேண்டிய மருந்தோ உள்ளே போயிருக்காது.

ஏசுவார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஏசினால் ஏசட்டும். துண்டை வாசிக்கக்கூடியதாக எழுதித் தருவது அவர்களுடைய வேலை, நீங்கள் கேட்கும் உதவியல்ல. வெளிநோயாளர் வரிசையில் நின்று முதலில் இருந்து தொடங்கவும் தேவையில்லை. டயக்னோசிஸ் கார்ட்டில் வார்ட் இலக்கமும் பீஎச்டி (BHT, அதாவது வார்ட்டில் அம்மாவுக்குப் போட்ட டிக்கட்) இலக்கமும் இருக்கும். அதை வைத்தியசாலை மருந்தகத்தில் காட்டி, “வார்ட்டுக்குக் கேட்டுச் சொல்லுங்கள்” என்று சொல்லுங்கள். அல்லது வார்ட்டுக்கே போய் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) காட்டுங்கள். மருந்தின் பெயரை முழுதாக, பிரித்த எழுத்தில், புதுத் துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய துண்டின் மேலே திருத்தினால் வாங்க வேண்டாம்.

இது எனக்குப் பெரிய ஆதங்கம். 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கிய காலத்தில் பேராசிரியர் சேனக பிபிலே, மருந்தைக் கொம்பனிப் பெயரால் அல்ல, பொதுப் பெயரால் எழுத வேண்டுமென்று போராடினார். அந்தப் பெயரைச் சாதாரண ஆள் வாசிக்கும்படி எழுதவைக்க இன்றைக்கும் நம்மால் முடியவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்து, வெளியில் வாங்கச் சொல்லும் துண்டுகள் பெருகின. வார்ட்டுக்குள்ளேயே மருந்து கொடுத்தால் சந்தேகத்துக்குப் பக்கத்தில் கேட்க ஆளுண்டு. துண்டு வெளியே போனால் அந்தப் பாதுகாப்பே இல்லை. அதைக் கவனிக்காமல் பாதித் தாளில், வைத்தியரின் பெயரும் இல்லாமல், முத்திரையும் இல்லாமல் கிறுக்கிக் கொடுக்கிறார்கள். கிளினிக்கில் சனம் நிறைய, நேரமில்லை என்பது உண்மைதான். ஒரு பெயரைப் பிரித்து எழுத எத்தனை செக்கன் பிடிக்கும்?

பாமசிப் பக்கமும் சொல்ல வேண்டும். சுவரில் மருந்தாளரின் சான்றிதழ் தொங்கும், ஆள் இருக்க மாட்டார். பெயரை வாடகைக்குக் கொடுத்துவிட்டு எங்கோ இருப்பார். மருந்து எடுத்துத் தருவது பள்ளிக்கூடம் முடித்த ஒரு பெடியன். “மருந்தாளர் எங்கே?” என்று வாய் திறந்து கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கடை. “தாங்க, நான் வாங்கித் தாறன்” என்று வைத்தியசாலை வாசலில் துண்டையும் காசையும் வாங்கிக்கொண்டு போகிறவர்களிடம் கொடுக்கவே வேண்டாம். அவர்கள் போவது கொமிஷன் தருகிற கடைக்கு. துண்டைப் படம் எடுத்து வையுங்கள், மருந்து வாங்கியதும் துண்டைத் திருப்பிக் கேளுங்கள்.

கொம்பனி வேறு, பெட்டியின் நிறம் வேறு என்று பயப்படத் தேவையில்லை, பொதுப் பெயரும் மில்லிகிராமும் பொருந்தினால் சரி. ஆனால் ஒரு மருந்தைத் தனியாகச் சொல்லாமல் விட முடியாது. உங்கள் அம்மாவுக்கு இது இல்லை, வாசிக்கும் வேறு வீடுகளுக்காகச் சொல்கிறேன். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுக்கும் மெத்தொட்ரெக்செட். அதைக் கிழமைக்கு ஒருமுறைதான் போட வேண்டும். நாளுக்கு ஒருமுறை அல்ல, கிழமைக்கு ஒருமுறை. துண்டில் அந்த ஒரு சொல் மங்கினால், மற்றக் குளிசைகளைப் போல இதையும் தினமும் எடுத்துவிடுவார்கள். வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மச்சையில் இரத்தம் ஊறுவது நின்றுபோகும், ஆள் இறந்தும் போகலாம். இதோடு கொடுக்கும் ஃபோலிக் அசிட்டும் சில கொம்பனிகளில் அதே போலச் சின்ன மஞ்சள் குளிசை. ஆகவே பக்கற்றில் “கிழமைக்கு ஒருமுறை” என்று மட்டும் எழுதினால் போதாது. “திங்கள்” என்றோ “வெள்ளி” என்றோ அந்த நாளின் பெயரையே தமிழில் எழுதுவியுங்கள். இந்த மருந்து போடுகிறவருக்கு வாயில் புண் வந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்காமல் உடனே காட்டுங்கள்.

அந்த 30 குளிசையையும் அம்மாவின் மருந்துப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். பில்லோடு முதல் பாமசிக்கே கொண்டுபோய், துண்டில் இருக்கும் 5/7 ஐக் காட்டி, காசைத் திருப்பிக் கேளுங்கள்.