நீளம் தாண்டப் பழகும் பிள்ளைகள்: கேள்வி பதில்

என் மகனுக்கு 9 வயசு. ஒரு தடவை இடது காலில் எழும்புறான், அடுத்த தடவை வலது காலில். எது அவன் தாண்டுற கால்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

பின்னாலிருந்து தள்ளிவிட்டு எந்தக் கால் முன்னே வருகிறது என்று பார்ப்பார்கள். அதை நம்பாதீர்கள். ஐந்து ஸ்டெப் ஓடி, ஒவ்வொரு காலிலும் மூன்று முறை மணலில் தாண்டச் சொல்லுங்கள். எந்தக் காலில் தூரமும் போய், தடுமாறாமலும் இறங்குகிறானோ அதுதான் அவன் தாண்டும் கால். வலது காலால் பந்து உதைக்கிற பிள்ளைகளில் பலருக்கு அது இடது காலாகவே இருக்கும்.

சார், நான் பி.டி. ஆசிரியர். 6, 7ஆம் வகுப்புப் பசங்க வேகமா வந்துட்டு, மிதிச்சு எழும்புற பலகைகிட்ட குட்டிக்குட்டி ஸ்டெப் வைக்கிறாங்க. இல்லேன்னா பலகையைத் தாண்டி மிதிச்சு ஃபவுல். என்ன பண்ணலாம்?

ஓட்டத்தைக் குறையுங்கள் சார். பெரியவர்களைப் பார்த்து 30 மீட்டர் ஓடவிடுவதுதான் கோளாறு. இந்த வயதுக்கு 9 ஸ்டெப் போதும், நன்றாக ஓடுபவனுக்கு 11.

அளப்பது இப்படி. மணல் குழிக்கு முதுகைக் காட்டி, தாண்டும் காலைப் பலகையில் வைத்து, எதிர்த்திசையில் முழு வேகமாக ஓடட்டும். 9ஆவது ஸ்டெப் விழும் இடத்தில் ஒரு கோடு. ஐந்தாறு முறை ஓடினால் கோடுகள் ஓரிடத்தில் கூடும். அதுதான் தொடக்கக் குறி. குறியில் மற்றக் காலை வைத்து நின்று, தாண்டும் காலால் முதல் ஸ்டெப் எடுத்தால் 9ஆவது ஸ்டெப் பலகையில் சரியாக விழும்.

எல்லாத் தடவையும் கால் பலகையை 15 செ.மீ. தாண்டிப் போகிறதா? குறியை 15 செ.மீ. பின்னால் தள்ளுங்கள், தீர்ந்தது. ஒரு தடவை முன்னே, ஒரு தடவை பின்னே என்றால் குறியில் தப்பில்லை. முதல் இரண்டு ஸ்டெப்பை தினுசு தினுசாக வைக்கிறான். அதைச் சீராக்காமல் குறியை நகர்த்திப் பயனில்லை.

பலகையின் அகலம் 20 செ.மீ.தான். குனிந்து அதைத் தேடும்போதுதான் ஸ்டெப் குட்டையாகிறது. ஆரம்பத்தில் பலகையை மறந்துவிட்டு அரை மீட்டர் அகலத்துக்குச் சுண்ணாம்புப் பட்டை போடுங்கள். கால் பதிந்த இடத்திலிருந்தே அளந்து கொடுங்கள்.

என் பொண்ணுக்கு வேகம் இருக்கு, ஆனா மேலே எழும்பவே மாட்டேங்கிறா. ஏன்?

கடைசிக்கு முந்தைய ஸ்டெப் சற்று நீளம், கடைசி ஸ்டெப் சற்றுக் குட்டை, வேகமாக. கைதட்டிக் காட்டுங்கள்: "டக்… டக்-டக்". கடைசி ஸ்டெப்பை எட்டிப் போட்டுக் குதிகாலால் ஊன்றினால் பிரேக் போட்டதுபோல் ஆகும், குதிகாலும் வலிக்கும். முழுப் பாதமும் தட்டையாகப் பட வேண்டும். அதே நொடியில் மறுகால் முட்டி இடுப்பு உயரத்துக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும். நின்றால் தலை எட்டாத உயரத்தில் ஒரு ரிப்பனைத் தொங்கவிட்டு, மூன்று ஸ்டெப் ஓடித் தலையால் தொடச் சொல்லுங்கள். நெஞ்சு தானாக நிமிரும்.

அண்ணா, நான் எட்டாவது. காத்துல நடக்கிற மாதிரி கால் போடணுமா?

இப்போது வேண்டாம் தம்பி. தரையை விட்டபின் காற்றில் என்ன செய்தாலும் வேகம் கூடாது. அந்த நடை உடம்பு முன்னால் கவிழாமல் இருக்கத்தான். 2023இல் 8.42 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்த நம் ஜெஸ்வின் ஆல்ட்ரினுக்குக் காற்றில் அதற்கு நேரம் உண்டு. 4 மீட்டர் தாண்டுகிறவனுக்கு, இரண்டு காலையும் முன்னால் கொண்டுவரவே நேரம் சரியாக இருக்கும்.

இறங்கும்போது பின்னால கை ஊனிடுறேன்...

குதிகால் 4.10இல் பட்டு, கை 3.70இல் பட்டால் உனக்கு 3.70தான். பலகைக்கு மிக அருகே மணல் கலைந்த இடத்தைத்தான் அளப்பார்கள். குழி ஓரத்தில் நின்றபடியே தாண்டிப் பழகு: குதிகால் பட்டதும் முட்டியை மடக்கி, குதிகால் போட்ட பள்ளத்துக்கே இடுப்பைக் கொண்டுவா, அல்லது பக்கவாட்டில் சாய்ந்து விழு. எழுந்ததும் முன்பக்கமாகவே வெளியேறு. மணலில் பின்னால் நடந்து வந்தால் ஃபவுல்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை தாண்டலாம்? ஸ்பைக் (அடியில ஆணி வச்ச ஷூ) வாங்கணுமா?

முழு ஓட்டத்தில் 8 தடவை, வாரம் இரண்டு நாள். ஸ்பைக் இப்போது வேண்டாம். அந்தக் கவனத்தை மணலில் வையுங்கள்: ஒரு அடி ஆழம் கொத்தி, கல் பொறுக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஓடுபாதை மட்டத்துக்கு நிரவிவிட்டுத்தான் முதல் பிள்ளையை ஓடவிட வேண்டும்.