காய்ச்சலின் மூன்றாம் நாள் எடுத்த டெங்கு ரத்தப் பரிசோதனை: என்எஸ்1 நெகட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி பாசிட்டிவ். டெங்கு இல்லை என்று நம்பலாமா?

நம்ப முடியாது. இந்த மூன்றையும் காய்ச்சல் தொடங்கிய நாளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

என்எஸ்1 என்பது வைரஸின் புரதம். முதல் நாளிலிருந்தே ரத்தத்தில் தெரியும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு குறையும். ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் வைரஸை எதிர்க்க நம் உடல் தயாரிக்கும் எதிரணுக்கள் (ஆன்டிபாடிகள்). ஐஜிஎம் பெரும்பாலும் நான்கு, ஐந்தாம் நாளில்தான் தலைகாட்டும். ஆகவே மூன்றாம் நாளில் அது நெகட்டிவாக வருவதில் வியப்பில்லை.

சிக்கல் ஐஜிஜியில் இருக்கிறது. முன்பே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு, அந்தத் தொற்றை நினைவில் வைத்திருக்கும் நோய் எதிர்ப்பு செல்கள் விழித்துக்கொண்டு சில நாட்களிலேயே ஐஜிஜியைக் குவித்துவிடும். அந்த எதிரணுக்கள் என்எஸ்1-ஐப் பிடித்து ஒட்டிக்கொள்வதால் பரிசோதனைக் கிட்டில் பாசிட்டிவைக் காட்டும் கோடு விழாமல் போகலாம். ஐஜிஎம்மும் இவர்களுக்குக் குறைவாகவே சுரக்கும். அதாவது, தீவிர டெங்குவுக்கு அதிக வாய்ப்புள்ள இரண்டாம் தொற்றிலேயே இந்த ரிசல்ட் வரலாம்! பழைய டெங்குவின் மிச்சமாகவோ, ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் போன்ற உறவுக்கார வைரஸ்களாலோ, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியாலோகூட ஐஜிஜி பாசிட்டிவாகலாம்.

முதல் வாரத்துக்குள் ஆர்டி-பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை) கிடைத்தால் செய்துவிடுங்கள். இல்லையேல் ஐந்தாம் நாளுக்குப் பின் ஐஜிஎம்மை எலிசா என்ற ஆய்வக முறையில் மறுபடி பாருங்கள். 10–14 நாள் இடைவெளியில் எடுத்த இரு மாதிரிகளில் ஐஜிஜி நான்கு மடங்கு ஏறியிருந்தால் அண்மைத் தொற்று என்று கொள்ளலாம்.

ரிசல்ட்டுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். தட்டணுவோடு ஹீமட்டோகிரிட்டையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) தினமும் பாருங்கள்; காய்ச்சல் விடும் வேளையில்தான் பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) ரத்தக் குழாயிலிருந்து கசியும், அப்போது இந்த விகிதம் ஏறும். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், அசதி தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.