‘கடலூர் மெடிக்கல் காலேஜ்’ கடலூரில் இல்லை!

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையில் சேர்த்தோம். இதயம் பலவீனமாக இருக்கிறது, மயக்க மருந்து கொடுப்பதில் ஆபத்து என்று ‘கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி’க்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் இருப்பதே கடலூர், இன்னும் எங்கே போவது? வெளியே நின்ற தனியார் ஆம்புலன்ஸ்காரர், பாண்டிச்சேரியில் தெரிந்த ஆஸ்பத்திரி இருக்கிறது, காப்பீட்டு அட்டை செல்லும், பைக்கில் அடிபட்டதாகச் சொன்னால் முதல் இரண்டு நாள் செலவே இல்லை என்கிறார். நம்பலாமா?

— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: நம்பாதீர்கள். இதை உங்களுக்கு அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன். இடுப்பு முறிவு இந்தப் பகுதி வெளியாகும்வரை காத்திருக்காது. இங்கே எழுதுவது, இதே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கும் மற்றவர்களுக்காக.

முதலில் அந்தப் பெயர். சீட்டில் எழுதியிருக்கும் மருத்துவக் கல்லூரி சிதம்பரத்தில், அண்ணாமலை நகரில் இருக்கிறது. பழைய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரிதான் அது. 1985-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியது. 2021-இல் அரசின் சுகாதாரத் துறைக்கு வந்து, மாவட்டத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டது. பலகை மாறியது, இடம் மாறவில்லை. மஞ்சக்குப்பத்திலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போக வேண்டும். விழுப்புரம் மருத்துவக் கல்லூரியும் விழுப்புரம் ஊருக்குள் இல்லை, முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது. பெயர் வைப்பவர்கள் கோப்பைப் பார்த்து வைக்கிறார்கள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகிறவனுக்கு ஊர் தெரிய வேண்டாமா? ‘சிதம்பரம்’ என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுத எவ்வளவு மை செலவாகும்?

‘தள்ளிவிட்டார்கள்’ என்ற வருத்தம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரிக்கு ‘தலைமை’ என்ற அடைமொழி சும்மா வரவில்லை. 1993-இல் விழுப்புரம் பிரியும்வரை தென்னாற்காடு மாவட்டம் முழுவதற்கும் தலைநகர் கடலூர்தான். திண்டிவனம், கள்ளக்குறிச்சி எல்லாம் அந்த மாவட்டத்துக்குள் இருந்தவை. 2004 சுனாமி, 2011 தானே புயல், சிப்காட்டில் அவ்வப்போது நடக்கும் விபத்துகள் என்று எது வந்தாலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைதான் முதல் வாசல். சாதாரண எலும்பு முறிவை அங்கேயே சரிசெய்வார்கள். உங்கள் அப்பாவின் சிக்கல் எலும்பில் இல்லை, இதயத்தில் இருக்கிறது. எலும்பு, இதயம், மயக்கவியல் மூன்று துறையினரும் ஒரே கூரையின் கீழ் நின்று பார்க்க வேண்டிய நோயாளி அவர். துணிந்து கத்தி வைப்பதைவிட எழுதிக் கொடுப்பதுதான் நல்ல மருத்துவம்.

சிதம்பரம் தூரம் என்றால் ஜிப்மர் இருக்கிறது, புதுச்சேரி கோரிமேட்டில். பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் ஆரம்பித்த மருத்துவப் பள்ளியின் வழிவந்தது. 2008-இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்று சட்டமே இயற்றினார்கள். கடலூர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் போகிற இடம்தான். வெளிநோயாளர் வரிசையில் நிற்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேராகப் போங்கள். ஆனால் அது மத்திய அரசுடையது. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை விவகாரத்தை அங்குள்ள முகப்பில் முதலிலேயே பேசிவிடுங்கள்.

இனி ஆம்புலன்ஸ்காரர். உங்களிடம் வண்டி வாடகை வாங்குவார், கொண்டுபோய் இறக்கும் இடத்திலும் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார். நான் அரசு மருத்துவமனைப் பணியில் இருந்த காலத்தில் ஒரு குடும்பம் இப்படித்தான் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனது. ‘அட்டை செல்லும்’ என்றார்கள். செல்லத்தான் செய்தது, கண் அறுவை சிகிச்சைக்கு! எலும்புக்கு அந்த மருத்துவமனை காப்பீட்டுப் பட்டியலிலேயே இல்லை. மூன்றாம் நாள் நகை அடகுக் கடைக்குப் போன பிறகு, எங்களிடமே திரும்பி வந்தார்கள். ஆகவே ‘அட்டை செல்லுமா’ என்று கேட்காதீர்கள்; ‘இந்த அறுவை சிகிச்சைக்குச் செல்லுமா, முன் அனுமதி வாங்கிவிட்டீர்களா’ என்று கேளுங்கள். திட்டத்தில் சேர்த்துக்கொண்ட பிறகு ‘மேலே கொஞ்சம் கட்டுங்கள்’ என்றால் அது தவறு.

மருத்துவமனை விட்டு மருத்துவமனை மாற்ற 108 வண்டியே வரும், காசு கிடையாது. பணியில் இருக்கும் மருத்துவரிடமே சொல்லி வரவழைக்கலாம். வண்டி வர ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் வெளியே நிற்பவர் பிழைக்கிறார்.

‘பைக்கில் அடிபட்டதாக’ என்ற யோசனைக்கு வருகிறேன். 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத்தான் அவர் சொல்கிறார். நல்ல திட்டம். சாலை விபத்து என்றால் அட்டை வேண்டாம், எந்த மாநிலத்தவர் என்றும் பார்ப்பதில்லை. பட்டியலில் உள்ள மருத்துவமனையில் முதல் 48 மணி நேரம் அரசு செலவு. ஆனால் விபத்து சாலையில் நடந்திருக்க வேண்டும், அதுவும் தமிழக எல்லைக்குள். பாண்டி ரோட்டில் முள்ளோடையைத் தாண்டிவிட்டால் அது வேறு அரசு. குளியலறை எந்த ரோட்டிலும் இல்லை. பொய் சொன்னால் உடனே விபத்துப் பதிவேட்டில் ஏறும், காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், ‘எந்த வண்டி, எந்த இடம், யார் ஓட்டியது’ என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ்காரரின் போன் அணைந்திருக்கும். மஞ்சக்குப்பம் சீட்டில் ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்பதை மறக்காதீர்கள்.

முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லாவிட்டால் ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு வீட்டில் ஒருவர் போகட்டும். அப்பாவை அதற்காகக் காக்க வைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் அட்டை இல்லை என்று யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

யாராவது ‘புத்தூர் கட்டு’ என்பார்கள். தொடை எலும்பு இடுப்பில் சேரும் கழுத்துப் பகுதி முறிந்தால் கட்டு நிற்காது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கிளம்பும்போது அனுப்புகைச் சீட்டு, இ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனைத் தாள்களைக் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ரேயை இப்போது பல இடங்களில் ‘செல்போனில் படம் எடுத்துக்கோங்க’ என்கிறார்கள். எடுங்கள், ஆனால் டியூப்லைட் வெளிச்சம் விழாமல், நேராக எடுங்கள். உங்கள் விரலின் நிழலை நாங்கள் இன்னொரு முறிவாகப் படிக்கக் கூடாது. முக்கியமாக, இதயத்துக்கு அப்பா சாப்பிடும் மாத்திரைகளை, பெயர் அச்சிட்ட மாத்திரை அட்டையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை அதில் இருந்தால் அறுவை சிகிச்சைக்கான நாளே மாறும். ‘வெள்ளையா, சின்னதா இருக்கும் சார்’ என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் ஒன்றும் புரியாது.