மாந்தோப்பை அடமானம் வைக்க வேண்டாம், பர்கூர் போதும்

போச்சம்பள்ளி பக்கத்திலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கணக்கும் இயற்பியலும் நன்றாக வருகிறது. சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஏ.ஐ. படிக்க வைத்தே தீர வேண்டும் என்று தாய்மாமன் ஒற்றைக் காலில் நிற்கிறார். சீட்டைப் பிடித்து வைக்க 25 ஆயிரம் கட்டியாகிவிட்டது. மிச்சப் பணத்துக்கு மாந்தோப்பை வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

பதற்றப்படாதீர்கள், பெண் நன்றாக வருவாள். ஆறுதல் அவ்வளவுதான். இனி கணக்கைப் பார்ப்போம்.

நீங்கள் எழுதியபடி ஆண்டுக் கட்டணம் மூன்றேகால் லட்சம், விடுதிக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம். நான்கு ஆண்டுக்கு 17 லட்சத்து 80 ஆயிரம். நூற்றுக்கு ஒன்றரை வட்டி என்றால், முழுத் தொகையும் வாங்கியான பிறகு மாதம் 26,700 ரூபாய் வட்டி மட்டும் போகும், அசல் அப்படியே நிற்கும். வருஷத்துக்கு ஒரு காய்ப்பு, அதற்கும் கூழ் ஆலைக்காரர் சொல்வதுதான் விலை. இந்த வட்டியை எதிலிருந்து கட்டுவீர்கள்? மாமன் பதில் சொல்ல மாட்டார், கல்யாண வீட்டில் “எங்க பாப்பா ஏ.ஐ. படிக்குது” என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு வரி கிடைக்கும்.

நர்சிங், வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள். இ-சேவை மையத்தில் ஃபைபர் லைனும் இருக்கிறது, சிம் போட்ட டாங்கிளும் இருக்கிறது, “இரண்டையும் சேர்த்துவிட்டால் இரட்டை வேகம் வராதா?” என்று கேட்டு, பதில் கிடைக்காமல் நோட்டில் படம் போட்டுக்கொண்டிருந்தாளாம். எனக்கு மொத்தக் கடிதத்திலும் முக்கியமான வரி அதுதான்.

அவள் கேட்டதற்குப் பதில், சும்மா சேர்த்தால் வேகம் குறையவும் கூடும். ஃபைபரில் ஒரு தகவல் துண்டு போய்ச்சேர 20 மில்லிசெகண்ட், சிம்மில் 80 என்று வையுங்கள். ஒன்றாம் துண்டு சிம்மில் போகிறது. 2, 3, 4 ஃபைபரில் போகின்றன. பின்னால் கிளம்பிய மூன்றும் முந்தி வந்து, ஒன்றாம் துண்டு வரும்வரை பஃபரில், அதாவது துண்டுகள் காத்திருக்கும் தற்காலிக நினைவகத்தில், உட்கார்ந்திருக்க வேண்டும். பஃபர் நிரம்பிவிட்டால் ஃபைபரிலும் அனுப்புவதை நிறுத்தியாக வேண்டும். நொண்டி மாட்டோடு நல்ல மாட்டை நுகத்தில் பூட்டிய கதை.

இதைச் சமாளிக்கவே வரிசையாகக் கண்டுபிடிப்புகள் வந்தன. பல தடங்களைச் சேர்த்து ஒரே தொடர்பாக நடத்தும் விதிமுறைகள் இவை: மல்ட்டிலிங்க் பிபிபி 1994-லேயே வரையறுக்கப்பட்டது, மல்ட்டிபாத் டிசிபி 2013-ல் வந்து 2020-ல் திருத்தப்பட்டது. பின்னதில் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு எண்: மொத்தத் தகவலில் அதன் இடத்துக்கு ஒன்று, அது போகும் தடத்தில் அதன் வரிசைக்கு ஒன்று. ஒரே எண் போதாதா? போதாது. ஒரு தடத்தில் 1, 5, 9 என்று விட்டுவிட்டுப் போனால், நடுவில் காவலுக்கு இருக்கும் சில ஃபயர்வால்கள் ஏதோ தவறு என்று தடுத்துவிடும்.

இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகளைப் புரிந்துகொண்டு, காப்புரிமை விண்ணப்பமாக எழுதிக் கொடுப்பது ஒரு தனித் தொழில். பேட்டன்ட் ஏஜென்ட் என்பார்கள். வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. இந்தியக் குடிமகள், 21 வயது நிறைவு, அறிவியல் அல்லது பொறியியல் பட்டம், பேட்டன்ட் அலுவலகம் நடத்தும் தேர்வில் தேர்ச்சி, இவ்வளவுதான் முக்கியத் தகுதி. டிப்ளமோ மட்டும் போதாது. இரண்டு எழுத்துத் தாள், தலா 100 மதிப்பெண்: ஒன்று சட்டமும் விதிகளும், மற்றது விண்ணப்பம் எழுதும் திறன். பிறகு நேர்முகம்.

வேலை எப்படி இருக்கும் என்று பாருங்கள். விண்ணப்பத்தின் உயிர் க்ளெய்ம் பகுதி, அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வரிகள். “ஃபைபரையும் சிம்மையும் சேர்க்கும் கருவி” என்று எழுதினால், போட்டிக்காரன் இரண்டு சிம் போட்டுத் தப்பித்துவிடுவான். “குறைந்தது இரண்டு தடங்களைச் சேர்க்கும் கருவி” என்று விரித்தால், அது புதிதல்ல என்று 1994-ன் மல்ட்டிலிங்க் பிபிபி குறுக்கே நிற்கும். “ஒரு தடத்தில் பதில் வராமல் தேங்கிய துண்டை மட்டும் மறு தடத்தில் திரும்ப அனுப்பும்” என்று சேர்க்கலாம். அதுவும் மல்ட்டிபாத் டிசிபியில் இருக்கிறது, தேடிப் பார்க்காமல் எழுதினால் பேட்டன்ட் அலுவலகத்தின் முதல் பரிசோதனை அறிக்கையிலேயே அடிபடும். இது போக, காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(கே): வெறும் கணினி நிரலுக்கும் அல்காரிதத்துக்கும் காப்புரிமை கிடையாது. தேங்கல் குறைந்தது, பஃபர் சிறிதானது என்று தொழில்நுட்ப விளைவைக் காட்டியாக வேண்டும். ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் 20 வருட உரிமை கைமாறும். நோட்டில் படம் போட்டுப் பார்க்கிற பிள்ளைக்கு ஏற்ற வேலை.

குறையையும் சொல்கிறேன். தேர்வு ஆண்டுதோறும் நடக்கும் என்று நம்பியிருக்க முடியாது. 2018-க்குப் பிறகு 2023-ல்தான் நடந்தது. அதுவரை ஏஜென்ட் ஒருவரின் கீழ் தேடல் வேலையும் வரைவு வேலையும் செய்யலாம். அதற்கு ஓசூரைத் தாண்டி பெங்களூரு போனால் போதும், பேட்டன்ட் அலுவலகம் சென்னை கிண்டியில். ஆரம்பச் சம்பளம் மாமன் பெருமைப்படும் அளவுக்கு இருக்காது. எழுத்து முழுக்க ஆங்கிலம். தமிழ் வழியில் படித்தவளுக்கு முதல் இரண்டு வருஷம் கஷ்டம்தான். காப்புரிமை ஆவணங்களைத் தேடும் இணையதளங்களான பேட்டன்ட்ஸ்கோப்பும் எஸ்பாஸ்நெட்டும் இலவசம். ஹெச்04எல் 69/14 என்ற வகைப்பாட்டு எண்ணைப் போட்டால் பல தடத் தொடர்பு பற்றிய விண்ணப்பங்கள் வரும். நாளுக்கு ஒன்றின் முதல் க்ளெய்மை எடுத்து, ஒவ்வொரு உறுப்பையும் தனி வரியாக உடைத்து, பக்கத்தில் படம் போடட்டும். ஆங்கிலத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

இதற்குப் படிக்க வேண்டியது பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் ஈ.சி.ஈ. (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்), கிடைக்காவிட்டால் தருமபுரி செட்டிக்கரையில் அதே பாடம். கணினி அறிவியல் படித்தாலும் இந்தத் தொழிலுக்கு வரலாம், ஆனால் சிக்னல், மைக்ரோபிராசசர் எல்லாம் ஈ.சி.ஈ.யில்தான் கை படிந்து வரும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு உரியவள். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி.

அவளிடம் கேளுங்கள், மாமன் இல்லாத நேரத்தில். ஏ.ஐ.தான் வேண்டும் என்று அவளே சொன்னால், அதையும் அரசுக் கல்லூரியில் கணினி அறிவியல் வழியாகப் போகலாம்; தோப்பை வைப்பது எந்தப் பதிலிலும் கிடையாது. கட்டிய 25 ஆயிரத்துக்கு ரத்துக் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். பணம் திருப்பித் தர யூ.ஜி.சி. விதி உண்டு. வராமல் போனாலும் 25 ஆயிரத்தைக் காப்பாற்ற 17 லட்சத்தை விடாதீர்கள். திங்கட்கிழமை காலையிலேயே பள்ளிக்குப் போய், 6-ஆம் வகுப்பிலிருந்து எந்தெந்த அரசுப் பள்ளியில் படித்தாள் என்பதற்கான சான்றை வாங்கிவிடுங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு இடத்திலும் வாங்க வேண்டும்.