பாட்டிலிலிருந்து கெக்குக்கு: கராஜ் அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, வணக்கம். வீட்டுல பீர் காய்ச்சுறது எனக்கு அலுக்கவே இல்ல. பாட்டில்ல அடைக்கிற அன்னைக்குத்தான் உயிர் போகுது. கெக்குக்கு மாறலாம்னு கடையில விலை கேட்டேன். முழு செட்டுக்குச் சொல்ற தொகையை வீட்டுல சொன்னா நானும் கராஜ்லதான் படுக்கணும். கம்மி செலவுல எப்படி மாறுறது?
- எடிசன் வாசகர், நியூ ஜெர்சி

தம்பி, 5 கேலன் பீரை 12 அவுன்ஸ் பாட்டிலில் ஊற்றினால் கணக்குக்கு 53 பாட்டில். அடி வண்டலைக் கழித்தால் ஐம்பது வரும். அத்தனையையும் கழுவி, அலசி, கிருமிநீக்கி, மூடி அடிக்க வேண்டும். கெக் என்றால் ஒரு பாத்திரத்தோடு முடிந்தது. தாராளமாக மாறுங்கள். முழு செட்டை மட்டும் வாங்காதீர்கள். அதில் பாதிப் பணம் பளபளக்கிற குழாய்க்கும் கைப்பிடிக்கும் போகிறது. பீரைக் காப்பாற்றுவது கசியாத மூடியும் ஒழுங்கான ரெகுலேட்டரும்தான்.

முதலில் கெக். பழையதே போதும். நாம் கார்னி கெக் என்று சொல்லும் 5 கேலன் எவர்சில்வர் உருளை பீருக்காகச் செய்ததே இல்லை. சோடா கம்பெனிகள் ஓட்டல்களுக்கு சிரப் அனுப்பச் செய்தவை. பிறகு அட்டைப் பெட்டிக்குள் பை வைத்து சிரப் அனுப்பும் முறை வந்ததும் இவை வேலையற்றுப் போய் நம் கைக்கு வந்தன. குழாய் மாட்டும் அமைப்பு இரண்டு வகை: பெப்சிக்காரர்கள் வைத்திருந்தது பால் லாக், கோக்காகோலாக்காரர்கள் வைத்திருந்தது பின் லாக். ஒன்றின் இணைப்பான் மற்றதில் பொருந்தாது. முதல் கெக் எதுவோ, கடைசிவரை அதிலேயே இருங்கள். உதிரி பாகம் எளிதில் கிடைப்பதால் என் ஓட்டு பால் லாக்குக்கு. பழைய கெக் ஒன்று ஐம்பது, அறுபது டாலரில் பார்க்கலாம். ஊருக்கு ஊர் முன்பின் இருக்கும்.

வாங்கி வந்ததும் செய்ய வேண்டியதை விவரமாகச் சொல்கிறேன். மூடியில் இருக்கும் வால்வை இழுத்து உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தை முழுக்க வெளியேற்றுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும். அழுத்தம் இருக்கும்போது மேலே உள்ள போஸ்ட்டை, அதாவது குழாய் மாட்டும் முனையைக் கழற்றினால் அது முகத்தை நோக்கிப் பறக்கும். இரண்டு போஸ்ட்டையும் கழற்றுங்கள். அடிப்பக்கம் சின்ன வெட்டுகள் இருப்பது கேஸ் (கார்பன் டை ஆக்சைடு) பக்கத்துக்கு, வழவழப்பானது பீர் பக்கத்துக்கு. மாற்றிப் பூட்டினால் இணைப்பான் சிக்கிக்கொண்டு வராது. ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் மொத்தம் ஐந்து: மூடிக்குப் பெரிதாக ஒன்று, போஸ்ட்டுக்கு ஒன்றாக இரண்டு, உள்குழாய்க்கு ஒன்றாக இரண்டு. ஐந்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். ரூட் பீர் என்ற சோடா இருந்த கெக் என்றால் அந்த வாசனை எஃகில் தங்காது, ரப்பரில்தான் குடியிருக்கும். ஒரு செட் ஓ-ரிங் சில டாலர்தான். அதில் மிச்சம் பிடித்தால் ஒரு சிலிண்டர் கேஸ் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போகும். ரிங்கில் தடவ உணவுத்தர சிலிக்கோன் கிரீஸ் வாங்குங்கள். குளோரின் பிளீச்சை மட்டும் கெக் பக்கமே கொண்டுபோகாதீர்கள், எவர்சில்வரைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

அடுத்தது கேஸ். 5 பவுண்டு சிலிண்டர் போதும். எடுத்ததும் தோளில் பொறித்திருக்கும் மாதம், வருஷத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் சாதாரணமாக 5 வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்திருக்க வேண்டும். தேதி தாண்டியிருந்தால் நிரப்ப மாட்டார்கள். காலி சிலிண்டரைக் கொடுத்து நிறைந்ததை வாங்கும் கடை பக்கத்தில் இருந்தால், கீறல் விழுந்த பழைய சிலிண்டரையே வாங்குங்கள். பளபளவென்று புதிது வாங்கினாலும் முதல் தடவையே அது கைமாறிவிடும். ரெகுலேட்டரை மட்டும் புதிதாக வாங்குங்கள். நான் பேரம் பேசாத சாமான் அது ஒன்றுதான்.

சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று மீட்டர் சொல்லாது. உள்ளே கேஸ் திரவமாக இருக்கிறது, திரவம் தீரும்வரை முள் அசையாது, தீர்ந்ததும் பொத்தென்று விழும். எடை போடுவதுதான் வழி. ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்ப்போமே, அந்தத் தராசு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. சிலிண்டரில் ‘டிடபிள்யூ’ (TW) என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பக்கத்தில் காலி எடை பொறித்திருக்கும். கழித்தால் மிச்சம் தெரிந்துவிடும்.

16 கிராம் கேஸ் குப்பிகளைப் போட்டு அழுத்தும் கைக்கருவி மலிவாகத் தெரியும், ஏமாறாதீர்கள். ஒரு கெக் பீரை வெளியே தள்ளவே 60, 70 கிராம் கேஸ் வேண்டும். குமிழி ஏற்றுவது தனி. 5 பவுண்டு என்பது ஏறக்குறைய 2,270 கிராம். கசிவு இல்லாவிட்டால் பத்துக் கெக்குக்கு மேல் தாராளமாக வரும்.

குளிர்ச்சிக்குக் காசே செலவழிக்க வேண்டாம். நம்மவர் கராஜில் இட்லி மாவுக்கென்றே இரண்டாவது ஃப்ரிட்ஜ் இருக்குமே, அதன் கீழ்த்தட்டுகளைக் கழற்றினால் கெக்கும் சிலிண்டரும் உள்ளேயே நிற்கும். சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள், படுக்கவைத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போகும். ஃப்ரிட்ஜில் ஓட்டை போடாதீர்கள், சுவருக்குள் குளிரூட்டிக் குழாய் ஓடலாம். கதவைத் திறந்து பிக்னிக் டேப் என்ற பிளாஸ்டிக் கைக்குழாயை எடுத்து அழுத்தினால் பீர் வரும். அது சில டாலர் சாமான். மாவு எங்கே போகும் என்பதை வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கெக் வாங்கிட்டேன். கிளாஸ்ல முக்கால்வாசி நுரைதான் வருது. கேஸைக் குறைச்சா பீர் சப்புனு ஆயிடுது. என்ன பண்ணலாம்?
- பிளேனோ வாசகர், டெக்சஸ்

அவசரப்பட்டு 30 பிஎஸ்ஐ (ரெகுலேட்டர் மீட்டர் காட்டும் அழுத்த அளவு) வைத்துக் கெக்கை உருட்டினீர்களா? பெரும்பாலும் அதுதான். 30 பிஎஸ்ஐ என்பது மூடி நன்றாக அமர ஒரு நிமிஷம் கொடுக்கிற அழுத்தம். அப்புறம் வால்வை நாலைந்து முறை இழுத்து உள்ளே இருக்கும் காற்றை விரட்டிவிட்டு, 40 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில் 12 பிஎஸ்ஐ வைத்து, ஒரு வாரம் பத்து நாள் அந்தப் பக்கமே போகாதீர்கள். பொறுமைக்குக் காசு இல்லை.

அப்போதும் நுரைத்தால் குழாய் குட்டை என்று அர்த்தம். 3/16 அங்குல உள்விட்டக் குழாய் 10 அடி போடுங்கள். நீளமான ஒடுங்கிய குழாய்தான் பீரின் வேகத்தை அடக்கி நிதானமாக வெளியே விடும். கேஸைக் குறைத்து நுரையை அடக்கப் பார்த்தால் பீரில் கரைந்த கேஸும் நாளாக நாளாக வெளியேறிவிடும். உங்களுக்குச் சப்பென்று ஆனது அதனால்தான். இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: அடுத்த வருஷம் கோயம்புத்தூர் திரும்புறோம். கெக்கையும் கன்டெய்னர்ல ஏத்தலாமா?
- ஃப்ரீமான்ட் வாசகி, கலிஃபோர்னியா

ஏற்றலாம், அங்கே சோடாவோ பன்னீர் சர்பத்தோ போடுவதற்கு. பீருக்கு வேண்டாம். இங்கே 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வந்த பிறகு, ஒரு வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தால் வருஷத்துக்கு 200 கேலன்வரை வரியில்லாமல் காய்ச்சலாம். தமிழ்நாட்டில் 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம், வீட்டுக்குள் உங்களுக்காகக் காய்ச்சினாலும்தான். சிலிண்டரை இங்கேயே விற்றுவிடுங்கள், கப்பல்காரர் ஏற்ற மாட்டார்.

கேள்வி: கெக் வந்தாச்சு, பாட்டில் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாமா?
- மறுபடியும் எடிசன் வாசகர்

திருகு மூடி பாட்டில்களைத் தூக்கிப் போடுங்கள். வளைத்து அடிக்கும் மூடி போடுகிற கெட்டிப் பாட்டில் இரண்டு டஜன் வைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் வைத்துக் குடிக்கிற கனமான பீருக்குக் கெக்கை அடைத்து வைப்பது நஷ்டம். தவிர, வீட்டுக்கு வந்த சிநேகிதர் கிளம்பும்போது கையில் கெக்கையா கொடுத்து அனுப்புவீர்கள்?