எட்டு லட்சம் கடன் வேண்டாம், நாதஸ்வரம் படிக்கட்டும்

அம்மா, நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "என் மகளை இன்ஜினியரிங்கில் சேர்த்துவிட்டு நாதஸ்வரத்தை வீட்டில் வாசிக்கட்டும் என்று விட்டால் என்ன?" தாய்மாமன் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். எட்டு லட்சம் கடன் வாங்கினால் சமாளித்துவிடலாம் என்கிறார். மேளம் வாசிக்கிற பெண்ணை யார் கட்டுவார் என்று பெரியம்மா கேட்கிறார். எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லி உங்களை அனுப்பிவைப்பது எனக்கு எளிது. ஆனால் அது உங்களுக்கு உதவாது. அந்த சீட்டை வாங்காதீர்கள்.

முதலில் பணம். எட்டு லட்சத்தை 10 சதவீத வட்டியில் ஏழு வருடத்தில் அடைப்பதாக வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறக்குறைய 13,300 ரூபாய். படிக்கிற காலத்தில் ஏறும் வட்டி தனி. பிளஸ் டூ கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸான பெண், மனசே இல்லாத படிப்பில் நாலு வருடம் உட்கார்ந்து, அரியர் எழுதி வெளியே வந்து, முதல் சம்பளத்திலிருந்து இதைக் கட்ட வேண்டும். வேலை கிடைக்கத் தாமதமானால் கட்டப்போவது உங்கள் வீட்டுக்காரர், சரக்கு வண்டி ஓட்டி. சீட் பேசிக் கொடுத்த மாமா ஒரு தவணைகூடக் கட்ட மாட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. செலவு யாருடையதோ முடிவும் அவர்களுடையது.

அடுத்தது உங்கள் மகள். என் மேசையில் அவள் பையைப் பிரித்தபோது "அதை எதுக்குடி எடுக்கிறே" என்று அதட்டினீர்கள். நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நூலில் கோத்திருந்த சீவாளிகளை, அதாவது நாதஸ்வரத்தின் வாயில் செருகி ஊதும் நாணல் துண்டுகளை, ஒவ்வொன்றாக உதட்டில் வைத்து ஈரப்படுத்தினாள், லேசாக ஊதினாள், இரண்டை ஒதுக்கினாள். "இது மழைக்கு நமுத்துப் போச்சு, இது மேல் ஸ்தாயியில நிக்காது" என்றாள். யாரும் கேட்கவில்லை, தானாகச் சொன்னாள். 11 வயதிலிருந்து கோயில் வித்வானிடம் கற்ற பிள்ளைக்கு இது விளையாட்டு அல்ல. ஏறக்குறைய பாதி தூரம் வந்துவிட்ட தொழில்.

வருமானம் பற்றி மறைக்காமல் பேசுவோம். கல்யாண மேளத்தை மட்டும் நம்பிப் பிழைப்பது இன்று கஷ்டம். செண்டை மேளமும் டிஜேவும் அந்த இடத்தில் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டன. ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. உங்கள் உறவுக்காரர்கள் பார்த்திருப்பது இந்தப் பக்கத்தைத்தான். மண்டபத்து மூலையில் உட்கார்ந்து வாசிப்பவரை ஒருவரும் கவனிக்காமல் சாப்பிடப் போவார்கள். அதை வைத்துத்தான் 'மேளக்காரர்' என்று இளப்பமாகப் பேசுகிறார்கள்.

அவர்கள் பார்க்காதது கோயில் வேலை. இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள பெரிய கோயில்களில் நாதஸ்வரம், தவில், தாளம் என்று தனித்தனிப் பணியிடங்கள் உண்டு. முறையான ஊதிய விகிதம் உண்டு. பெரும்பாலும் கேட்கப்படும் தகுதி தமிழில் எழுதப் படிக்கத் தெரிவதும், அரசோ சமய நிறுவனமோ நடத்தும் இசைப்பள்ளியின் சான்றிதழும்தான். காலியிடம் எப்போது வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சின்னக் கோயில்களில் தருவது சொற்பமான தொகுப்பூதியம். இதையும் தெரிந்துகொண்டே வாருங்கள்.

சம்பளத்தைவிட முக்கியமான இன்னொன்று அந்த வேலையில் இருக்கிறது. தனிக் கச்சேரி வாசிக்கும் கலைஞராக வர வேண்டும் என்பது உங்கள் மகளின் ஆசை. எந்த சபா இருபது வயதுப் பெண்ணுக்கு ஒரே ராகத்தை ஒரு மணி நேரம் ஆலாபனை செய்ய மேடை தரும்? கோயில் தரும். விடியலில் பூபாளம், சாயங்காலம் பூர்விகல்யாணி, பள்ளியறைக்கு நீலாம்பரி என்று வேளைக்கொரு ராகம் தினமும் வாசிக்க வேண்டும். சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்ற உருப்படி. அதிலும் தேருக்கு ஒன்று, தளிகைக்கு, அதாவது நைவேத்தியத்துக்கு, ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று. வீதியுலாவில் நாலு வீதியும் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். மூச்சு அங்கேதான் பழகும். சம்பளம் வாங்கிக்கொண்டே சாதகம் செய்யும் இடம் இதைப்போல வேறு எனக்குத் தெரிந்து இல்லை. தோடி ராகம் என்றதும் நினைவுக்கு வரும் நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) திருவாவடுதுறை ஆதீனத்து வித்வானாக இருந்தவர். அவ்வளவு பெரிய மேதைக்கும் கோயிலும் மடமும்தான் அடித்தளம்.

அதற்கான படிப்பு உங்களுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. சீர்காழியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. மூன்று வருடப் படிப்பு. வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான் கட்டணம், மாதம் சிறு உதவித்தொகையும் உண்டு. வயது வரம்பு 25. முடித்தபின் மேலே படிக்க நினைத்தால் திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி. ஒரு டிகிரி வேண்டும் என்ற உங்கள் பயம் நியாயமானது, அதை நான் தள்ளவில்லை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. தமிழ் சேர்த்துவிடுங்கள். மூன்று வருடத்தில் இரண்டும் கையில் இருக்கும், டிஎன்பிஎஸ்சி எழுதவும் வழி இருக்கும். இரண்டையும் சேர்த்தாலும் அந்தக் கல்லூரியின் ஒரு செமஸ்டர் கட்டணம் வராது.

இசைப்பள்ளியில் சேர்ந்தாலும் இப்போதைய குருவை விடக் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பள்ளி சான்றிதழும் பாடத்திட்டமும் தரும். ராகத்தின் பிடிப்பும், சுரங்களுக்கு நடுவே இழையும் நுண்சுரமான அனுசுரமும் குருவுக்கு எதிரே உட்கார்ந்தால்தான் வரும். நல்ல பாரி நாதஸ்வரம், அதாவது நீளமான வகை, வாங்கும் காலம் வரும்போது நரசிங்கம்பேட்டைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய வீடுகளிலிருந்து எடுத்த, நன்றாகக் காய்ந்த ஆச்சா மரத்தில் அங்கே கடைகிறார்கள். 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரத்தைத் தட்டிப் பார்த்துச் சொல்ல அனுபவசாலி வேண்டும். அப்புறம், அவளுடைய முன்பல் ஒன்று லேசாக ஆடுகிறது என்றாளே, அதை இந்த மாதமே பல் டாக்டரிடம் காட்டுங்கள். பல்லும் உதடும்தான் அவள் முதலீடு.

மூன்றாம் வருடத்தில் திருச்சி வானொலியின் கலைஞர் தேர்வுக்கு, அதாவது ஆடிஷனுக்கு, விண்ணப்பிக்கட்டும். அதில் தொடக்கத் தரமான 'பி' கிரேடு கிடைத்தாலே சபாக்காரர்கள் பேசும் தோரணை மாறும். மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் உதவித்தொகை தரும் திட்டம் வைத்திருக்கிறது. குருவிடம் ஐந்து வருடமாவது கற்றிருக்க வேண்டும், அந்தத் தகுதி அவளுக்கு இப்போதே இருக்கிறது. அறிவிப்பு வரும்போது தவற விடாதீர்கள். வெளிநாட்டுக் கோயில் வேலை என்று எந்த ஏஜென்ட் முன்பணம் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பெண் பிள்ளை, ராத்திரிப் பயணம் என்கிறீர்கள். அது உண்மையான கஷ்டம். ஆரம்ப வருடங்களில் குருவின் குழுவோடு மட்டும் அனுப்புங்கள், வண்டிச் செலவு பேசிய தொகையில் சேர்ந்திருக்கட்டும். ஆனால் பெண் வாசிக்கலாமா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் வந்துவிட்டது. மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வாசித்துக் காட்டினார். ஸ்ரீரங்கத்தில் ஷேக் சின்ன மௌலானாவிடம் கற்ற காலீஷாபி மஹபூப் கணவரோடு சேர்ந்து வாசித்து, 2020-இல் இருவரும் பத்மஸ்ரீ பெற்றார்கள். கல்யாணப் பேச்சு வரும்போது வரட்டும், அவளுக்கு 18 வயதுதான் ஆகிறது.

சீர்காழிக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்கு முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றால் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாமாவிடம் பேசத் தயக்கமாக இருந்தால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.